ஆளை அறியும் கார் இருக்கட்டும், பஸ் பேசட்டும்

ஆசிரியருக்கு,

தானாக ஓடும் மின்சாரக் கார்களின் உள்ளலங்காரம் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். 2021இல் மியூனிக் கார் கண்காட்சியில் ஜெர்மன் கார் நிறுவனமான ஔடி வைத்த கிராண்ட்ஸ்பியர் என்ற மாதிரிக் காரில் ஸ்டீயரிங்கும் பெடல்களும் மடங்கி மறைந்துவிடுகின்றன, வருபவரை அடையாளம் கண்டு வரவேற்று இருக்கையையும் குளிரையும் அவருக்கேற்ப மாற்றுகிறது, நடுவில் ஒரு செடி வேறு. சரி, அழகுதான். ஆனால் நம் கொழும்பின் நெரிசலான காலி வீதியில் (Galle Road) முச்சக்கர வண்டிகளுக்கு நடுவே அது என்ன செய்யும் என்று யோசித்துச் சிரிப்புதான் வந்தது. என் ஆதங்கம் வேறு. ஆளை அறிந்து உதவும் இந்தத் தொழில்நுட்பத்தின் மிக எளிய பகுதி, அதாவது எங்கே போகிறோம் என்று பயணிக்குப் புரியும் மொழியில் சொல்வது, அதிகம் தேவைப்படுவது சொகுசுக் காருக்கல்ல, பஸ்சுக்கு.

கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்த என் அம்மா போன மாதம் வெள்ளவத்தையில் நின்று, கொட்டாஞ்சேனைக்குப் போகும் 102ஆம் இலக்க பஸ் என்று நினைத்து, புறக்கோட்டையோடு நின்றுவிடும் 100ஆம் இலக்க பஸ்சில் ஏறிவிட்டார். பலகை தெரியவில்லை, நடத்துனர் கூவியதும் விளங்கவில்லை, புறக்கோட்டையில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஒரு ஒலிபெருக்கியும் ஜிபிஎஸ் கருவியும் போதும் இதற்கு. 2025 பெப்ரவரியில் கார் இறக்குமதித் தடையை நீக்கிய அரசு, இனி வாங்கும் ஒவ்வொரு புதிய பஸ்சிலும் தடத்தையும் அடுத்த தரிப்பிடத்தையும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் அறிவிக்கும் வசதியைக் கொள்வனவு நிபந்தனையாகவே எழுதிவிடலாம்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6