நித்யாவின் சைனும் உன் எல்போவும்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. பட்டறையில் டக்ட் வேலை நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். முழங்கால் வலிக்கு எண்ணெய் மட்டும் போதாது மாப்ளே, ஒரு தடவை எலும்பு டாக்டரைப் பார்த்துவிடு. தரையில் குந்தி உட்கார்ந்து தகடு வெட்டுகிற பழக்கத்தையும் விடு, இன்னும் இருபது வயசா நமக்கு? இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவனுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்திருக்கிறது. நான் ரிட்டயர் ஆன பிறகும் சாயந்திரமானால் நாலு பிள்ளைகள் கணக்கு நோட்டோடு வந்துவிடுகிறார்கள். வீட்டுக்காரி முணுமுணுத்துக்கொண்டே எல்லாருக்கும் டீ போடுகிறாள்.

இனி நித்யா சமாசாரம். பத்தாம் வகுப்பில் கணக்கில் அவ்வளவு மார்க் வாங்கியவள் ப்ளஸ் ஒன் வந்ததும் சைன் வரைபடத்தைப் பார்த்து முழிக்கிறாள் என்கிறாய். முழிக்காமல் என்ன செய்வாள்? போன வருஷம் வரை சைன் என்றால் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுப்பது. எல்லாம் செங்கோண முக்கோணத்துக்குள் முடிந்துவிடும், கோணம் 90-ஐத் தாண்டாது. இந்த வருஷம் திடீரென்று சைன் 210 பாகை எவ்வளவு என்று கேட்டு, விடை மைனஸ் அரை என்கிறார்கள். 210 பாகைக்கு அவள் எந்த முக்கோணத்தை வரைவாள்? அடுத்த பக்கத்தில் ஒரு அலகு வட்டம். அதற்கடுத்த பக்கத்தில் ஏறி இறங்குகிற ஒரு வளைவரை. மூன்றும் ஒரே சங்கதிதான் என்பதை யாரும் உட்கார்த்திவைத்துக் காட்டுவதில்லை. அட்டவணையைப் பார்த்துப் புள்ளி வை, புள்ளிகளைச் சேர், மார்க் வாங்கு, அவ்வளவுதான்.

இதைச் சொல்லிக்கொடுக்க என்னைவிட நீதான் சரியான ஆள். சிரிக்காதே. ஐ.டி.ஐ. முடித்த நாளிலிருந்து நீ சைன் வளைவரையைத்தான் தகட்டில் வரைந்து வெட்டிக்கொண்டிருக்கிறாய். பட்டறைச் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறாயே எல்போ டெம்ப்ளேட்டுகள், பைப் திரும்புகிற முழங்கை மூட்டுக்குத் தகடு வெட்டும் மாதிரிகள், அதில் இரண்டு பீஸ் எல்போவுக்கு உள்ளதை இறக்கி அவள் முன்னால் வை. 200 மி.மீ. பைப், 90 பாகைத் திருப்பம், நடுவில் 45 பாகையில் ஒரே ஜாயின்ட். கணக்குக்குத் தோதான அளவு அது.

அதை நீ மார்க் பண்ணும் விதத்தை யோசித்துப் பார். முதலில் 100 மி.மீ. ஆரத்தில் வட்டம். கவராயத்தை மாற்றாமல் அதே ஆரத்தில் ஓட்டி ஆறாகப் பிரிப்பாய், ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் பன்னிரண்டு புள்ளி. வட்டத்துக்கு மேலே பைப்பின் பக்கத் தோற்றம், அதன் தலையில் 45 பாகைச் சாய்கோடு. வட்டத்துப் புள்ளிகளிலிருந்து கோடுகளை மேலே ஏற்றி, சாய்கோட்டைத் தொடும் இடங்களைக் குறிப்பாய். பிறகு தகட்டில் சுற்றளவு நீளத்துக்கு ஒரு கோடு: 200-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 628 மி.மீ. அதையும் பன்னிரண்டாகப் பிரித்து, உயரங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்து, புள்ளிகளைச் சேர்ப்பாய். பைப்பை விரித்தால் வரும் தகட்டு வடிவம், உங்கள் பாஷையில் டெவலப்மென்ட்.

அந்த வட்டம்தான் நித்யாவின் அலகு வட்டம். 100 மி.மீ.-ஐ ‘ஒன்று’ என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது. 45 பாகைக் கோட்டில் எவ்வளவு பக்கவாட்டில் போகிறோமோ அவ்வளவே மேலே ஏறுவோம். அதனால் வட்டத்தில் ஒரு புள்ளி நடுக்கோட்டிலிருந்து, அதாவது மையத்தின் வழியாக மேலே போகிற கோட்டிலிருந்து, எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்த நடுக்கோட்டைச் சாய்கோடு வெட்டும் மட்டத்திலிருந்து தகட்டில் அதன் உயரமும் அதே அளவு. அந்தப் புள்ளியிலிருந்து நடுக்கோட்டுக்குச் செங்குத்து இறக்கி, மையத்தோடு சேர்க்கச் சொல். அவளுடைய பழைய செங்கோண முக்கோணம் அங்கே வந்து நிற்கும். கர்ணம் எப்போதும் ஆரம், அதாவது ஒன்று. ஆகவே எதிர்ப்பக்கமே சைன். வகுக்க வேண்டிய வேலைகூட இல்லை.

நடுக்கோட்டில் இருக்கும் புள்ளிக்கு 0 என்று நம்பர் போட்டு ஆரம்பித்தால் உயரங்கள் 0, 50, 86.6, 100, மறுபடி 86.6, 50, 0. அதாவது 30 பாகைக்கு அரை, 90-க்கு ஒன்று, 180-க்குப் பூஜ்யம். ஏழாம் நம்பர் கோடுதான் 210 பாகை. அங்கே புள்ளி நடுக்கோட்டுக்கு மறுபக்கம் போய்விட்டது, தகட்டில் 50 மி.மீ. கீழே இறங்கியிருக்கும். மைனஸ் அரை எங்கிருந்து வந்தது என்று அவள் இனிமேல் கேட்க மாட்டாள். 360-ஐத் தாண்டினால் என்ன என்று கேட்டால், தகட்டைப் பைப்பில் இரண்டாவது சுற்றுச் சுற்றிக் காட்டு.

இன்னொன்று, இதுதான் முக்கியம். வட்டத்தில் ஒரு பாகத்துக்கு டிவைடரை வைத்து, அதையே தகட்டில் பன்னிரண்டு தடவை ஓட்டினால் ஷீட் குறையும், பைப் வாய் சேராது. உனக்குத் தெரியாததா? டிவைடர் எடுப்பது நாணை, அது 51.8 மி.மீ. வில்லின் நீளம் 52.4. பன்னிரண்டு சேர்ந்தால் 7 மி.மீ. போய்விடும். வரைபடத்தின் கிடை அச்சும் அப்படித்தான், அதில் போடுவது புள்ளி வட்டத்தின் மேல் நடந்துவந்த வில்லின் நீளம். ஆரத்தை ஒன்று என்று வைத்தால் முழுச் சுற்று 6.28, அதாவது 2 பை. பாகையை விட்டுவிட்டு ரேடியன் என்று ஏன் புதிதாக ஒன்றைக் கொண்டுவருகிறார்கள் என்று பிள்ளைகள் வருஷா வருஷம் கேட்கும். மையத்தில் நின்று பார்த்தால் பாகை, விளிம்போடு நடந்தால் ரேடியன். உன் ஷீட் நீளம் ரேடியனில்தான் இருக்கிறது.

இந்த விஷயத்தில் எனக்குப் பல புத்தகங்கள் மேல் கோபம் உண்டு. பக்கத்தில் இடம் போதவில்லை என்று கிடை அச்சை நெருக்கி, மேட்டைச் செங்குத்தாக நிமிர்த்திப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் ஒரு மேட்டின் உயரம் 1 என்றால் அகலம் 3.14. இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுத்திட்டம் வைத்தால் வளைவரை பூஜ்யத்திலிருந்து சரியாக 45 பாகைச் சாய்வில் கிளம்பும். உன் டெம்ப்ளேட்டில் பாகைமானியை வைத்துப் பார், பூஜ்ய உயரத்தைக் கடக்கும் இடத்தில் நீ வெட்டிய அதே 45 பாகை தெரியும். ஒரு அச்சை நெருக்கிவிட்டால் இது எப்படிப் பிள்ளைகள் கண்ணில் படும்?

உச்சியில் அது ஏன் தட்டையாகிறது என்பதற்கும் உன் அளவுகளே போதும். முதல் பாகத்தில் ஏற்றம் 50, இரண்டாவதில் 36.6, மூன்றாவதில் வெறும் 13.4. மூன்றிலும் வட்டத்தில் நடந்த தூரம் ஒன்றுதான். நடுக்கோட்டை ஒட்டி நடக்கும்போது அத்தனையும் விலகிப் போவதிலேயே செலவாகிறது. உச்சிக்குப் பக்கத்தில் புள்ளி நடுக்கோட்டுக்கு இணையாகவே ஓடுகிறது, விலக்கம் கூடுவதில்லை.

இதை ஆரியபட்டர் ஒரே செய்யுளில் அடக்கி வைத்திருக்கிறார். கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய ஆரியபட்டீயத்தில் கால் வட்டத்தை 24 பாகமாக்கி, ஒவ்வொன்றிலும் அரை நாண், அதாவது நம் சைன், எவ்வளவு கூடுகிறது என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறார்: 225, 224, 222, 219 என்று தொடங்கி, 51, 37, 22, 7 என்று முடியும். எல்லாவற்றையும் கூட்டினால் 3438, அதுதான் அவர் ஆரம். பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, முழு வட்டத்துக்கு 21,600 கலை, அதையே சுற்றளவாக வைத்துக்கொண்டால் ஆரம் அவ்வளவு வரும். வில்லையும் ஆரத்தையும் ஒரே அலகில் அளந்திருக்கிறார், நாம் ரேடியனில் செய்கிற அதே காரியம். முதல் பாகத்தின் வில் 225 கலை, ஏற்றமும் 225. உன் 45 பாகைச் சாய்வு இங்கேயும் இருக்கிறது பார். முதல் எட்டு எண்களைக் கூட்டினால் 1719, ஆரத்தில் சரிபாதி, அதாவது 30 பாகை. இந்த 24 எண்களையும் நித்யாவிடம் கொடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே வரைபடத்தாளில் புள்ளி வைக்கச் சொல்லப்போகிறேன். கால்குலேட்டர் இல்லாமலேயே வளைவரை வந்துவிடும்.

அவளுக்கு வீச்சு, அதாவது நடுவிலிருந்து அலையின் உச்சி உயரம், என்ற சொல்லும் குழப்பமாக இருக்கும். அதற்கு மூன்று பீஸ் எல்போ டெம்ப்ளேட்டை எடுத்து முதல் டெம்ப்ளேட் மேல் வைத்துக் காட்டு. ஜாயின்ட் 22.5 பாகை, உயரம் 41.4 மி.மீ.க்கு மேல் போகாது. நாலு பீஸ் என்றால் 26.8தான். அலை தணிந்துகொண்டே போகும், ஆனால் ஷீட் நீளம் அதே 628. வீச்சு மாறுகிறது, சுற்று மாறவில்லை.

கொசைனுக்குத் தனியாக ஒரு பாடம் தேவையில்லை. தகட்டின் இரண்டு ஓரமும் சேர்கிற தையலை நீ எப்போதும் குட்டையான பக்கத்தில்தான் வைப்பாய், வெட்டும் குறையும், மடிப்பும் சுலபம். அதனால் உன் டெம்ப்ளேட் பள்ளத்தில் தொடங்கி மேட்டுக்குப் போய்ப் பள்ளத்தில் முடியும். அந்தத் தையலை 157 மி.மீ., அதாவது கால் சுற்று, தள்ளி வைத்தால் அது சைன். பாதிச் சுற்றுத் தள்ளி உயரமான பக்கத்தில் வைத்தால் கொசைன். தையல் எங்கே என்பதைத் தவிர இரண்டுக்கும் வேறு வித்தியாசம் கிடையாது.

முதலில் தகட்டை எடுக்காதே, பிள்ளை கையை வெட்டிக்கொள்ளப் போகிறாள். சார்ட் பேப்பரில் செய்யட்டும். மடிப்புக்கு விடுகிற அலவன்ஸும் வேண்டாம், அது சேர்ந்தால் 628 கணக்கு கெட்டுப்போகும். வெட்டிச் சுருட்டி செல்லோ டேப் ஒட்டியதும், வளைவாக வெட்டிய வாய்ப்பக்கத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கச் சொல். ஓரம் முழுக்கக் கண்ணாடியைத் தொட்டால் வளைவரை சரி. எங்கேயாவது வெளிச்சம் தெரிந்தால் அந்தப் புள்ளியின் உயரத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

டேன் வரைபடத்தைப் பற்றி இப்போதே கேட்டால் நான் வந்து சொல்கிறேன் என்று சொல். அதற்கு எல்போ உதவாது. மாசி மாசம் முருகேசன் மகள் கல்யாணத்துக்கு எப்படியும் கோயமுத்தூர் வருகிறேன். மண்டபம் எந்தப் பக்கம் என்று பத்திரிகை வந்ததும் எழுது. ரூம் எல்லாம் போட வேண்டாம், உன் வீட்டிலேயே தங்கிக்கொள்கிறேன்.

தங்கச்சிக்கும் நித்யாவுக்கும் என் அன்பைச் சொல்.

உன்
ராமசாமி