42,000 ரூபாயை விட்டுவிடாதே

கும்பகோணம்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள யாழினிக்கு,

அம்மா எழுதுவது. நேற்று இரவு தொலைபேசியில், "போனது போகட்டும் அம்மா, விடுங்கள்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்கு விடியும்வரை தூக்கம் வரவில்லை. பணத்தை நினைத்து மட்டும் இல்லை. பத்தாம் வகுப்பில் சைக்கிளைத் தொலைத்துவிட்டு வாசலிலேயே நின்றாயே, அன்றைக்கு இருந்த அதே குரல் நேற்றும் இருந்தது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை கண்ணு. ஜூன் 3 அன்று அந்த ஆன்லைன் வகுப்புக்கு உன் கிரெடிட் கார்டில் 42,000 ரூபாய் கட்டினாய். ஏழு நாளுக்குள் வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்பும் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஜூன் 8 அன்று வேண்டாம் என்று எழுதினாய். "பெற்றுக்கொண்டோம்" என்று பதில் போட்டவர்கள் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. தலைகுனிய வேண்டியவர்கள் அவர்கள்.

வாயால் சொன்னால் நீ பாதியில் வெட்டிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன், நீ ஹைதராபாத்துக்குப் போன புதிதில், ஒரு சனிக்கிழமை விடிகாலை என் போனில், கார்டிலிருந்து பணம் போனதாக மூன்று செய்திகள் கிடந்தன. இரவு 1.40க்கு ஒன்று, 1.41க்கு ஒன்று, 1.43க்கு ஒன்று. ஏதோ வெளிநாட்டு இணையதளம், எல்லாம் டாலரில், கூட்டினால் 27,000 ரூபாய்க்கு மேல். ஓடிபி எதுவும் வரவில்லை. வெளிநாட்டுக் கடைகள் பலவற்றில் ஓடிபி இல்லாமலே கார்டு ஓடிவிடும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கார்டின் பின்பக்கம் இருந்த எண்ணைக் கூப்பிட்டு முதலில் கார்டை முடக்கினேன். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அப்பாவிடம் மாலைதான் சொன்னேன். உனக்குச் சொல்லவே இல்லை. வெட்கமாக இருந்தது. தபால் ஆபீஸ் சேமிப்பு கவுண்டரில் 31 வருடம் ஊரார் பணத்தை எண்ணியவள், சொந்தப் பணத்தைக் காக்கத் தெரியாதவள் ஆகிவிட்டேனே என்று உள்ளுக்குள் அரித்தது.

திங்கட்கிழமை வங்கிக் கிளைக்குப் போனேன். "எங்கேயாவது நம்பரைக் கொடுத்திருப்பீர்கள் மேடம்" என்றார் அங்கே இருந்தவர். அவர் சொன்ன விதத்தில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நல்லவேளையாக, ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதன்படி, தவறு வங்கி மீதும் இல்லை, நம் மீதும் இல்லை, இடையில் வேறெங்கோ நடந்தது என்றால், செய்தி வந்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு ஒரு ரூபாய்கூடப் பொறுப்பு கிடையாது. செய்தி வந்த நாள் அந்தக் கணக்கில் சேராது. நாலாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் என்றால், கார்டின் வரம்பைப் பொறுத்து 10,000 அல்லது 25,000 ரூபாய் வரை நம் தலையில் விழும். வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று காட்டும் பொறுப்பு வங்கியுடையது. அந்த வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு அவர்முன் வைத்தேன். பத்து வேலை நாளுக்குள் தொகையை வரவு வைக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. ஒன்பதாம் நாள் பணம் வந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

உன் விஷயம் இதே வகை இல்லை. இங்கேதான் நீ கவனமாக இருக்க வேண்டும். உன்னோடு வேலை பார்க்கும் பெண் "மோசடி என்று போடு, உடனே கிடைக்கும்" என்று சொன்னாளாமே, அதைக் கேட்காதே. அது பொய். பணம் கட்டியது நீ, ஓடிபி போட்டது நீ. "இது நான் செய்யாத பரிவர்த்தனை" என்று எழுதினால் வங்கி ஓடிபி பதிவை எடுத்துக் காட்டி ஒரே வரியில் புகாரை மூடிவிடும். பிறகு உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது. ஒரு பரிவர்த்தனையை எதிர்த்து வங்கியிடம் கொடுக்கும் டிஸ்ப்யூட் படிவத்தில் காரணங்கள் தனித்தனியாக இருக்கும். "சேவையை ரத்து செய்தேன், ரீஃபண்ட் வரவில்லை" என்பதுதான் உன் காரணம். நடந்ததை நடந்தபடி எழுது.

அதன் பிறகு நடப்பதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். கார்டு கொடுத்த உன் வங்கி, விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு வழியாக, அந்த நிறுவனத்தின் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும். நிறுவனம் மறுக்கலாம், தன் பக்கத்துக் காகிதங்களைக் காட்டலாம். இடையில் உன் கணக்கில் தற்காலிகமாக வரவு வைத்திருந்தால், அவர்கள் பக்கம் ஜெயித்ததும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஆகையால் வரவு வந்ததுமே செலவழித்துவிடாதே. பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள் வரை கேட்கலாம் என்பார்கள். உன் வங்கி அதற்கும் முன்னதாகவே கெடு வைத்திருக்கக்கூடும். நீ பணம் கட்டி இரண்டு மாதம் தாண்டிவிட்டது. இனி ஒரு நாளையும் வீணாக்காதே.

மணியார்டர் போய்ச் சேரவில்லை என்று கவுண்டருக்கு வந்தவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ரசீதோடு வந்தவருக்கு எண்ணையும் தேதியையும் வைத்துத் தேடிக் கொடுத்துவிடலாம். ரசீது இல்லாமல் ஒரு பாட்டி தினமும் வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எதை வைத்துத் தேடுவது? அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. உன் ரசீது அந்த ஜூன் 8 மின்னஞ்சல். அதோடு அவர்கள் அனுப்பிய பதில், ஏழு நாள் நிபந்தனை இருக்கும் பக்கம், ஸ்டேட்மென்டில் அந்த 42,000 இருக்கும் வரி, எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி படமெடுத்து வை. அந்த நிபந்தனைப் பக்கத்தை இன்றைக்கே எடு. நாளைக்கு மாற்றிவிட்டால் நம்மிடம் ஒன்றும் இருக்காது. நிறுவனத்துக்கும் இன்னொரு முறை எழுது. கோபம் வேண்டாம். இன்ன தேதியில் ரத்து செய்தேன், இன்ன தொகை வர வேண்டும், ஏழு நாளில் வராவிட்டால் வங்கியில் புகார் என்று நாலு வரி போதும். அந்த ஏழு நாளுக்காக நீ காத்திருக்க வேண்டியதில்லை. படிவத்தை நாளைக் காலையே போட்டுவிடு.

முதல் பில்லைக் கட்டிவிட்டதால் கேட்கும் உரிமை போய்விட்டது என்று நினைத்திருக்கிறாய். போகவில்லை. கட்டியது நல்லதுதான். அதற்கு நேர்மாறாக, கோபத்தில் பில்லையே கட்டாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வட்டி மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி ஓடும். பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் காய்கறிக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் சரியும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது வந்து நிற்கும். குறைந்தபட்சத் தொகை என்று போட்டிருப்பதை மட்டும் கட்டினாலும் வட்டி நிற்காது. புகார் ஒரு பக்கம் நடக்கட்டும், பில்லை முழுதாகக் கட்டிக்கொண்டே வா.

மாதம் 999 ரூபாய் நூலகச் சந்தா என்று ஒன்றையும் சேர்த்து டிக் செய்துவிட்டேன் என்றாயே, அதை நிறுத்த அவர்கள் தயவு தேவையில்லை. தானாகப் பணம் கழிக்க நீ கொடுத்த அனுமதிகள் உன் வங்கியின் தளத்திலேயே இ-மேண்டேட் என்ற பகுதியில் இருக்கும், அங்கே பார்த்து ரத்து செய். 2021 அக்டோபரிலிருந்து இப்படித் தானாகக் கழிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னதாகவே உனக்குச் செய்தி வர வேண்டும். அந்தச் செய்திகளை நீ படிக்காமலே தள்ளிவிடுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. வங்கியின் எண்ணைக் கூகிளில் தேடாதே. பணத்தை இழந்து தவிக்கிறவர்களுக்காகவே போலி கஸ்டமர் கேர் எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண் மட்டும்தான். ரீஃபண்ட் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று எவன் கேட்டாலும் போனை வை. பணம் உன் பக்கம் வருவதற்கு ஓடிபி எதற்கு? ஏதாவது நடந்துவிட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிடு.

வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை என்றாலோ, சொன்ன பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், இணையத்திலேயே எழுதலாம். முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் சேர்த்துத்தான் நாளைக்கே எழுதச் சொல்கிறேன். அந்தக் கட்டம் வந்தால் நானும் உன்னோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்றாய். சொல்லவில்லை. ஆனால் அவரிடம் நீயே சொல்லிவிடு. என் கதையில் மாலைவரை மறைத்ததற்கு மட்டும்தான் அவர் கோபித்துக்கொண்டார்.

படிவம் போட்டதும் புகார் எண்ணை எனக்கு அனுப்பு. பால் கணக்கு எழுதும் பச்சை நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்னுடைய பழைய புகார் எண் இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே உன்னுடையதையும் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். முப்பதாம் நாள் நானே உன்னைக் கூப்பிடுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா