வலையில் ஒரு வழி

காசிமேடு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, உன்னை விசாரித்தார்.

நியூஜெர்சி கடையில் இந்திய இறால் எல்லாமே பண்ணை இறாலாக இருக்கிறதே, நம்ம கடல் இறால் எங்கே போச்சு என்று கேட்டிருந்தாய். காரணம் ஆமைடா. இழுவலையில் ஆமை தப்பிக்க வழி வைக்காத நாட்டின் கடல் இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா 1989-லேயே சட்டம் போட்டுவிட்டது. இந்தியாவும் இன்னும் மூன்று நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. சட்டத்தை நடத்திய விதம்தான் தவறு, ஆமைக்காக இப்படி ஒரு விதி வைக்கலாம் என்று 1998-ல் முடிவானது. 2019-ல் நம் கடல் இறாலை நிறுத்திவிட்டார்கள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நம் வயிற்றில் அடிக்க அவர்கள் யார் என்று மாமாவோடு சேர்ந்து நானும் கத்தினேன். அப்புறம் 2025 ஜனவரி வந்தது. சென்னைக் கரையெங்கும் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. எண்ணூர் பக்கம் ஒரு காலையில் நானே ஏழு எண்ணினேன். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. முட்டையிடக் கரையைத் தேடி வந்தவை, மூச்சுக்கு மேலே வர முடியாமல் வலைக்குள்ளேயே முடிந்துபோயின. அன்று வீட்டில் மீன் வாங்கவில்லை.

வலையின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டம் வைத்தால் போதும். கம்பிக்குக் கம்பி 4 அங்குலம். இறால் உள்ளே போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, பக்கத்துத் திறப்பு வழியே வெளியேறிவிடும். பெரிய மீனும் அதிலேயே போய்விடுமே, டீசல் காசு யார் தருவது என்கிறார் மாமா. அந்தக் கேள்வி நியாயம். விதி போடுகிறவர்கள் அந்த நஷ்டத்திலும் பங்கெடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. நீ வாங்கும் பண்ணை இறாலுக்கு ஆமை விதி கிடையாது. ஆனால் பல குஞ்சுப் பொரிப்பகங்களில் சீக்கிரம் முட்டையிட வேண்டும் என்று தாய் இறாலின் கண் தண்டையே நறுக்கிவிடுகிறார்கள். அதைப் பற்றி அந்த அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. அடுத்த முறை கடைக்காரரிடம் கேட்டுப் பாரேன்.

இப்போது 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மாமா வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜூன் 14-க்குள் ஒரு வலையிலாவது கம்பி கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கம்பி என்ன விலை என்று நேற்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அன்புடன்,
மணி