இன்று என்ன மீன் என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பைக் கடற்கரையோரச் சின்ன உணவகங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் வெர்சோவா, மாட் பகுதிகளின் கோலிவாடாச் (கோலி மீனவர் குடியிருப்பு) சாப்பாட்டைச் சுவையாக எழுதியிருந்தார்கள். ஆனால் கொட்டும் மழையில், ஜூலையில் போனால் வலையிலிருந்து நேரே தட்டுக்கு வரும் மீன் கிடைக்கும் என்று சொன்னதை மட்டும் திருத்த வேண்டும். சயானிலிருந்தும் தாராவியிலிருந்தும் குடும்பத்தோடு ரயிலும் ஆட்டோவும் மாறிப் போகிறவர்கள் அதை நம்பி ஏமாறுவார்கள்.

மகாராஷ்டிரக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. எந்திரம் இல்லாத சிறு படகுக்காரர்களுக்குத் தடை கிடையாது. ஆனால் மழைக்கடலில் அவர்கள் கொண்டுவருவது ஒன்றிரண்டு கூடைதான். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. ஆக, ஜூன் முதல் இரண்டு வாரம் அங்கும் இங்கும் விசைப்படகு ஓடாது. அந்த நாட்களில் மும்பையில் தட்டில் விழுவது பெரும்பாலும் ஃப்ரீசர் மீன், இல்லையென்றால் வெளியிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த மீன். ஃப்ரீசர் மீன் கெட்ட மீன் என்று சொல்லவில்லை. குழம்புக்கு அது தாராளமாகப் போதும். வறுவலுக்கு ஆகாது, புது மீன் விலை கொடுக்கவும் தகாது.

இந்தக் கடைகளில் உட்கார்ந்ததும் மெனு அட்டையை எடுக்காதீர்கள். 'ஆஜ் தாஜா மாசா கோண்தா?' என்று கேளுங்கள். இன்றைக்குப் புது மீன் எது என்று பொருள். ஆறேழு மேசை, முன்பின் தெரியாதவரோடு முழங்கை இடிக்கும் பெஞ்சு, மராத்தியில் மட்டும் எழுதிய பலகை, பதார்த்தம் தீர்ந்தால் ஈரத்துணியால் அந்த வரியை அழித்துவிடும் முதலாளியம்மா: கடை இப்படி இருந்தால் பதில் நேர்மையாகவே வரும். இருபது வகை மீன் அச்சடித்த பளபளப்பான அட்டையில் எல்லாமே எப்போதும் 'இருக்கு'தான்.

கிழமையும் பார்க்க வேண்டும். இங்கே பல மராத்தி வீடுகளில் திங்கள், வியாழன், சனியில் மீன் தொடமாட்டார்கள். புதன், வெள்ளி, ஞாயிறில் சரக்கு வேகமாக நகரும். கடைக்காரரும் துணிந்து வாங்கிவைப்பார். மதியம் பன்னிரண்டரைக்குள் போய்விடுவது உத்தமம். ஆகஸ்டில் படகுகள் கிளம்பிவிடும். நாரளி பூர்ணிமையன்று கோலி மக்கள் கடலுக்குத் தேங்காய் படைப்பார்கள். சிராவண மாத விரதத்தால் பலர் மீன் தொடாததால் அப்போது கூட்டமும் குறைந்திருக்கும். கடல் கொந்தளிக்காத வாரமாக அமைந்துவிட்டால், சாப்பிடுகிறவருக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது.

நம்மவர்கள் போனதும் 'சுர்மை ஃப்ரை' என்பார்கள். சுர்மை நம் வஞ்சிரம்தான், ஊரிலேயே கிடைக்கிறது. மும்பைக்கென்று ஒரு மீன் உண்டென்றால் அது பொம்பில். டோல் எனப்படும் பை வலையைக் கடலில் நிலையாகக் கட்டிவைத்து, நீரோட்டம் இழுத்துவரும் மீனைப் பிடிக்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் வலுக்கும். அப்போது பொம்பில் வரத்தும் நன்றாக இருக்கும். நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போவதில் தப்பில்லை.

பொம்பில் உடம்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். இந்த ஒரு விஷயம் தெரிந்த சமையற்காரருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் தட்டிலேயே தெரியும். தலையும் துடுப்பும் நீக்கி, வயிற்றுப் பக்கம் நீளமாகக் கீறிப் புத்தகம்போல் விரித்து, நடுமுள்ளை எடுக்க வேண்டும். உப்பும் மஞ்சளும் தடவி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே அம்மிக்கல்லோ தண்ணீர்க் குடமோ ஏற்றி அரைமணி நேரம் விட்டால் நீர் வடியும். பலகையைச் சற்றுச் சாய்த்து வைக்காவிட்டால் வடிந்த நீரிலேயே மீன் ஊறும். பிறகுதான் இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. மூன்று பங்கு ரவைக்கு ஒரு பங்கு அரிசி மாவு கலந்து புரட்டி, உடனே சூடான தோசைக்கல்லில் போட வேண்டும். புரட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தால் ரவை ஈரம் குடித்துக் கூழாகிவிடும். ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடம்; ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும், இரண்டாம் முறை திருப்பினால் உடையும்.

சரியாக வறுத்த பொம்பில் மேலே மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெய்போலும் இருக்கும். ரவை தனியாகக் கழன்று தட்டில் கிடந்தால் அழுத்தி வைக்கவில்லை என்று அர்த்தம். தட்டில் எண்ணெயோடு தண்ணீரும் தேங்கினால் கல் சூடாகவில்லை. எப்படி வறுத்தாலும் ஐந்து நிமிடத்துக்குமேல் நிற்காது, தொய்ந்துவிடும். மற்ற பதார்த்தங்களோடு சேர்த்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். தனியாகச் சொல்லி, வந்ததும் சாப்பிடுங்கள். பார்சல் கட்டுவது வீண்.

பாங்டா விஷயத்தில் கவனம் வேண்டும். நம் அயலை அல்லது கானாங்கெளுத்திதான் அது. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற, உடம்புக்கு ஆகாத பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. நாக்கில் மிளகு கடித்ததுபோல் சுருக்கென்று குத்தினால் தட்டைத் தள்ளிவைத்துவிடுங்கள். ஆனால் இங்கே ஒரு குழப்பம் உண்டு. கொங்கண் கரையின் மால்வணி முறையில் பாங்டா குழம்புக்குத் திர்ப்பளம் என்ற காட்டுக்காயை லேசாக நசுக்கிப் போடுவார்கள். அது வாசனைக்குத்தான், கடிக்கக் கூடாது. கடித்தால் நாக்கு மரத்துப்போகும். குழம்பில் அப்படி இருந்தால் திர்ப்பளமாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளலாம். வறுத்த பாங்டாவில் சுருக்கென்றால் சந்தேகமே வேண்டாம், மீன்தான் கெட்டுவிட்டது.

கடைசியில் ஸோல் கடி. கோகம் என்ற புளிப்புப் பழத்தின் தோலை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றை, பூண்டும் பச்சைமிளகாயும் தட்டிப்போட்ட முதல் தேங்காய்ப்பாலில் சேர்ப்பது. அடுப்பில் ஏற்றினால் திரிந்துவிடும். மங்கலான இளஞ்சிவப்பில் இருந்து, சிறிது நேரத்தில் மேலே பாலும் கீழே சாறுமாகப் பிரிந்தால் அது நல்ல ஸோல் கடி, கலக்கிவிட்டுக் குடிக்கலாம். கல்யாண மண்டப ரோஸ் மில்க் நிறத்தில் வந்தால் எனக்கு நம்பிக்கை வராது.

பணம் கொடுக்கும் இடத்தில்தான் சண்டை வருகிறது. பாப்லெட், அதாவது வாவல், நண்டு, பெரிய இறாலுக்கு எதிரே விலை இல்லாமல் 'ஏபிஎஸ்' என்று அச்சடித்திருப்பார்கள். அளவைப் பொறுத்து விலை என்பதன் சுருக்கம். மீனைச் சமைக்குமுன் கொண்டுவந்து காட்டச் சொல்லி, எடையையும் விலையையும் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, அழுத்திய இடம் உடனே மேலெழும்ப வேண்டும். 2023-ல் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட வெள்ளை வாவலில் உள்ளங்கையைவிடச் சின்னதைக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். முட்டையிடுமுன்னே பிடித்துவிடுவதும் அதன் வரத்து குறைந்ததற்கு ஒரு காரணம். போதாக்குறைக்கு அதில் முள்தான் மிஞ்சும்.

பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். உணவுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சின்னக் கடைகள் பல, சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் வரித் திட்டத்தில் இருக்கும். அவர்கள் அந்த வரியைத் தங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது. பில்லிலேயே அதை அச்சிட்டிருப்பார்கள், அப்படி அச்சிட்டுவிட்டு வரியும் போட்டால் சுட்டிக்காட்டுங்கள். சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்ற 2022-ம் ஆண்டு வழிகாட்டுதலை டில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்திருக்கிறது. எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இத்தகைய கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிடுங்கள். கடைக்குப் போகும் வழியோடு, எந்த மாதத்தில் எந்த மீன் என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டால் வாசகர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
சமையல் ஒப்பந்தக்காரர் ஒருவர்,
ஆன்டாப் ஹில், மும்பை