அவர் பட்டு நெசவாளர்: டப்ளினில் வரலாற்று நடை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். கோடை ஞாயிறுகளில், டப்ளினின் பழைய நெசவாளர் பகுதியான லிபர்ட்டீஸ் பேட்டையில் நீங்கள் நடத்தும் நடைக்குப் போன வாரம் மூன்றாம் முறையாக வந்திருந்தேன். கடைசி வரிசையில் கறுப்புக் குடையோடு நின்று, கேள்வி கேட்கக் கை தூக்கி, 'நேரமாகிவிட்டது' என்ற பதிலை வாங்கிக்கொண்டு போனவன் நான்தான்.

இதே விஷயமாக உங்களுக்கு ஆங்கிலத்தில் மூன்று மின்னஞ்சல் போட்டாகிவிட்டது. முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு வந்தது: துண்டுப் பிரசுரத்தில் இடம் போதாது, நடையின் பொருள் கிளர்ச்சி, தொழில் அல்ல. சரி. கோபத்தை எனக்குத் தமிழில்தான் ஒழுங்காக எழுத வரும். நம் ஊர்க்காரர்கள் பத்துப் பேராவது உங்கள் நடைக்கு வருகிறார்கள், அவர்களும் படிக்கட்டும். வேண்டுமென்றால் மொழிபெயர்த்தும் தருகிறேன், காசு வேண்டாம்.

நான் கேட்பது இரண்டே சொல். மைக்கேல் மாலின் பெயருக்குப் பக்கத்தில் 'பட்டு நெசவாளர்' என்று போடுங்கள்.

உங்கள் பிரசுரத்தில் அவருக்கு நான்கு வரி இருக்கிறது. பிரிட்டிஷ் படையில் இருந்தார், தொழிலாளர் படையான அயர்லாந்து குடிமக்கள் படையில் தலைவர் ஜேம்ஸ் கானலிக்கு அடுத்த இடத்துக்கு வந்தார், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் கிளர்ச்சியில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவைப் பிடித்தார், 1916 மே 8 அன்று கில்மெய்னம் சிறையில் சுடப்பட்டார். நான்கும் சரி. ஆனால் சிப்பாயாக இருந்து ஊர் திரும்பிய ஒருவர் புரட்சிக்காரராக எழுந்த வரைக்கும் நடுவில் பதினான்கு வருடம் இருக்கிறது. அதில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உங்கள் நடைக்கு வருகிற யாருக்கும் தெரியாது. தறியில் உட்கார்ந்திருந்தார், ஐயா.

போன வாரம் பூங்காவில் உங்கள் வழிகாட்டி வாத்துக் கதை சொன்னார். இரண்டு பக்கமும் துப்பாக்கியை நிறுத்தி, பூங்காக் காவலர் குளத்து வாத்துகளுக்குத் தீனி போட வழிவிட்டார்களாமே, அது. நல்ல கதைதான், எல்லோரும் சிரித்தோம், குழந்தைகள் படம் எடுத்தார்கள். என் கைக்கடிகாரத்தில் ஒன்பது நிமிடம். அதற்கு முன்னால் நீங்கள் வார்ட்ஸ் ஹில் தெருமுனையைத் தாண்டி வந்தீர்கள். மாலின் 1874-இல் பிறந்தது அந்தத் தெருவில். அங்கே ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நாலு எட்டு வைத்தால் நெசவாளர் பெயரையே தாங்கி நிற்கும் வீவர் ஸ்கொயர். அங்கேயும் நிற்கவில்லை, காபிக்கு நின்றோம். வாத்துகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

நான் ஆரணிக்காரன். அப்பா குழித்தறியில் நாற்பது வருடம் பட்டுச் சேலை நெய்தவர். விடியற்காலையில் தெருவில் பாவை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, விரித்துக் கஞ்சி போடும்போது மழை வந்தால் வீட்டில் எல்லோரும் ஓடுவோம். மழைக்காலம் என்றால் பாவு காயாது, வேலை நிற்கும், கூலியும் நிற்கும். நான் இந்தப் பேட்டைக்குக் குடிவந்த புதிதில், பக்கத்துப் பகுதிக்கு டென்டர்ஸ் என்று ஏன் பெயர் என விசாரித்தேன். நெய்த துணியைச் சட்டத்தில் இழுத்து மாட்டிக் காயப்போடும் இடமாம். அயர்லாந்து மழையில் எங்கே காய்வது? நெசவாளர்கள் நாள்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தாமஸ் பிளசன்ட்ஸ் என்ற செல்வர் 1815-இல் தன் சொந்தப் பணத்தில் கார்க் தெருப் பக்கம் அடுப்பு மூட்டித் துணி உலர்த்த ஒரு கட்டடமே கட்டிக் கொடுத்திருக்கிறார். இதைப் படித்த அன்றைக்குத்தான் இந்த ஊர் எனக்குப் பழகிய ஊரானது. இப்படி ஒரு பேட்டையில் பிறந்தவரைப் பற்றி எழுதும்போது தறியை விட்டுவிட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

மாலின் வரலாறு உங்களுக்குத் தெரிந்ததுதான், விரித்துச் சொல்லப் போவதில்லை. பதினைந்து வயது நிறையுமுன், 1889-இல், ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் படையில் டிரம் அடிக்கும் பையனாகச் சேர்ந்தார். 1896-இல் கப்பல் ஏற்றி எங்கள் பக்கம் அனுப்பினார்கள். எங்கள் பக்கம் என்றால் ஆரணி இல்லை, வடமேற்கு எல்லை, இன்றைய பாகிஸ்தான். 1897-98 தீரா போரில் அப்ரிதி என்ற மலைவாழ் இனத்தாருக்கு எதிராக நிறுத்தப்பட்டார். யாரைச் சுடச் சொன்னார்களோ அவர்கள் மேல் அவருக்குப் பரிவு வந்துவிட்டதை வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் காட்டுகின்றன. 1902-இல் ஊர் திரும்பினார். சிப்பாயின் பதக்கம் அடுப்பெரிக்கப் போதாது. உறவினர் ஜேம்ஸிடம் பட்டு நெசவு கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். வயது இருபத்தேழு. எங்கள் ஊரில் அந்த வயதில் தறி பழகப் போனால் பத்து வயதுப் பையன் சிரிப்பான். துப்பாக்கி பிடித்துக் காய்த்த விரலுக்குப் பட்டு இழை அவ்வளவு சுலபமாக அடங்காது. அறுந்த இழையைப் பிணைக்கும்போது விரல்நுனி இழையை உணர வேண்டும், கண் அப்புறம்தான். அந்த விரல் வருவதற்கே வருடம் ஆகும்.

அவர் நெய்தது டப்ளின் பாப்ளின். நம்மூரில் பாப்ளின் என்றால் உள்பாவாடைத் துணி, பருத்தி. இது வேறு. பாவு பட்டு, குறுக்கே ஓடும் ஊடை கம்பளி. பட்டு இழைகள் நெருக்கமாக ஓடிக் கம்பளியை மூடிவிடும். மேலே பட்டின் மினுமினுப்பு தெரியும், உள்ளே கம்பளி கனம் கொடுக்கும். நான் இங்கே ஒரு பழைய கழுத்துப்பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓரத்தை லேசாகப் பிரித்தால்தான் கம்பளி வெளியே வருகிறது. வீடியோ அழைப்பில் அப்பாவிடம் காட்டினேன். 'அச்சு எத்தனை நெருக்கம்டா?' என்றுதான் முதலில் கேட்டார். அச்சு என்றால் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு. யார் நெய்தது என்று அப்புறம் கேட்டார். இந்தத் துணி நெய்தவர்களில் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'கூலி கேட்டானா?' என்றார்.

ஆமாம், கூலி கேட்டார். உங்கள் பிரசுரத்தில் இல்லாத, என்னைத் தூங்கவிடாத சங்கதி அதுதான்.

மாலின் பட்டு நெசவாளர் சங்கத்தின் செயலாளரானார். 1913-இல் ஹான்பரி லேனில் இருந்த தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். 13 வாரம் நீடித்தது. பேச்சுவார்த்தைக்குப் போனவர் அவர், நெசவாளர்கள் தோற்கவும் இல்லை. '13 வாரம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம், புத்தகங்களும் அப்படித்தான் போகின்றன. எனக்குப் போக முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு முறை முதலாளி பாவு தராமல் இழுத்தடித்தார். மூன்று வாரம்தான். முதல் வாரம் அம்மா மளிகைக்கடையில் நோட்டுப் போட்டு வாங்கினாள். இரண்டாம் வாரம் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், அரிசி மட்டும் தந்தார். மூன்றாம் வாரம் அம்மாவின் தோடு போனது. அப்பா தினமும் காலையில் வெறும் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து மிதியை மிதித்துப் பார்ப்பார். ஏன் என்று கேட்டால், மரம் இறுகிவிடும் என்பார். ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் கட்டையை நாடா என்போம். நாடா ஓடாத தறியின் சத்தம் வேறு மாதிரி இருக்கும், டொக் டொக் என்று, உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டியைத் தட்டுவதுபோல. அது மூன்று வாரம். மாலின் வீட்டில் அப்போது மூன்று பிள்ளைகள். நான்காவது பிள்ளை ஜோசப் அந்த ஆண்டு செப்டம்பரில் பிறந்தான். 13 வாரம் மாலினின் மனைவி ஆக்னஸ் எந்தக் கடையில் நோட்டுப் போட்டார், எதை அடகு வைத்தார் என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை. மீத் தெருவில் சிறு கடை வைத்துப் பார்த்தார் மாலின், அது நிலைக்கவில்லை. கோழி வளர்த்துப் பார்த்தார், அதுவும் இல்லை. அதே 1913 ஆகஸ்டில் டப்ளின் முதலாளிகள் ஒன்றுகூடித் தொழிலாளிகளைக் கதவடைத்து வெளியே நிறுத்தினார்கள். போலீஸ் தடியிலிருந்து தொழிலாளியைக் காக்க நவம்பரில் குடிமக்கள் படை பிறந்தது. பூங்காவில் வாத்துக் கதை கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு இதில் ஒரு வரி சொல்லியிருந்தால், கிளர்ச்சியின்போது அங்கே பதுங்குகுழி தோண்டியவர்கள் ஏன் தோண்டினார்கள் என்று விளங்கியிருக்கும்.

தொழில் அல்ல, கிளர்ச்சி என்கிறீர்கள். மாலினே அப்படிப் பிரிக்கவில்லையே. 1916 மே 5, ரிச்மண்ட் படைமுகாமில் ராணுவ நீதிமன்றம். அவருடைய வாக்குமூலம் எழுத்தில் இருக்கிறது, யாரும் படிக்கலாம். அதன் ஆரம்பமே, தொழிலால் நான் பட்டு நெசவாளன் என்பதுதான். போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் பாண்டுக் குழுவுக்கு வாத்தியம் சொல்லிக்கொடுத்தேன் என்பது அடுத்தது. உயிர் போகிற இடத்தில் நின்று ஒருவர் தன்னைப் பற்றி முதலில் சொன்னதை நீங்கள் இடம் போதவில்லை என்று வெட்டியிருக்கிறீர்கள்.

அதே வாக்குமூலத்தில் உண்மையல்லாததும் உண்டு, அதை மறைக்கச் சொல்லவில்லை. குடிமக்கள் படையில் எனக்குப் பதவியே இல்லை என்றார், பெரும் பதவி இருந்தது. தலைமை ஏற்கும்படி மார்கீவிச் சீமாட்டிதான் உத்தரவிட்டார் என்றார், உண்மையில் அவர்தான் மாலினுக்குக் கீழே இரண்டாவது. இதைச் சொல்லி அவரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சீமாட்டியின் விசாரணை அதற்கு முந்தின நாளே முடிந்திருந்தது. இங்கே வீட்டில் நான்கு பிள்ளைகளும் வயிற்றில் ஐந்தாவதும். அவருக்காக நான் வாதாடப் போவதில்லை, ஆனால் எனக்கு அந்தப் பொய் புரிகிறது. சிலையாக நிற்கும் மாலினைவிடப் பயந்த மாலின்தான் எனக்கு நெருக்கம்.

அவர்கள் குடியிருந்த எம்மட் ஹால் அந்தப் படைமுகாமுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கில்மெய்னத்துக்கு நடத்திக்கொண்டு போனபோது வீட்டைக் கடந்துதான் போனார். மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் அதைச் சொல்கிறார்: வீட்டார் யாரும் கண்ணில் படவில்லை, வாசலில் நாய் பிரின்னி மட்டும் நின்றது. அடுத்து வந்த மே 8 விடிகாலையில், ஈமன் கென்ட், கான் கோல்பர்ட், ஷான் ஹியூஸ்டன் ஆகியோரோடு அவரும் சுடப்பட்டார். அப்போது இரண்டரை வயதாக இருந்த ஜோசப், அப்பா அந்தக் கடிதத்தில் ஆசைப்பட்டபடியே பாதிரியாராகி, ஹாங்காங்கில் 104 வயது வரை வாழ்ந்து 2018-இல்தான் மறைந்தார். நாயைப் பற்றி எழுதக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை.

இந்தக் கிளர்ச்சியைக் கவிஞர்களின் கிளர்ச்சி என்று சொல்லிச் சொல்லி ஒரு வழி ஆகிவிட்டது. சுடப்பட்ட தலைவர்களில் பியர்ஸ் கவிஞர், மெக்டோனா கவிஞர், பிளங்கெட் கவிஞர், ஒப்புக்கொள்கிறேன். அவர்களோடு சுடப்பட்ட டாம் கிளார்க் புகையிலைக் கடை வைத்திருந்தார், ஹியூஸ்டன் ரயில்வே குமாஸ்தா, கோல்பர்ட் பேக்கரியில் கணக்கு எழுதினார். கவிதை எழுதாதவன் செத்தால் மட்டும் தொழிலை ஏன் அழிக்கிறோம்? 1966-இல் டப்ளினுக்குப் பக்கத்துக் கடலோர ஊரான டன் லேரியின் ரயில் நிலையத்துக்கு மாலின் பெயரை வைத்தார்கள், நன்றி. நேற்று அந்த நடைமேடையில் நின்று யார் இந்த மாலின் என்று இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் கடற்கரைக்கு வழி சொன்னார். இங்கே நம் பேட்டையிலோ நெசவு என்ற சொல் அடுக்குமாடி விளம்பரத்தில் நன்றாகப் பிழைக்கிறது. 'நெசவாளர் பாரம்பரியம் மணக்கும் ஸ்டூடியோ வீடு' என்று ஒன்றைப் பார்த்தேன். அதன் மாத வாடகைக்கு எங்கள் ஊரில் இரண்டு தறி வாங்கலாம், மோட்டாரோடு. விளம்பரக்காரனுக்கு இடம் போதுகிறது.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. நீங்கள் சம்பளமில்லாமல் மழையில் நின்று செய்கிற வேலை இது என்று எனக்குத் தெரியும். உங்கள் நடை இல்லாவிட்டால் மாலின் பெயரே என் காதில் விழுந்திருக்காது, அதற்குக் கடன்பட்டிருக்கிறேன். அதனால்தான் மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன்: அடுத்த முறை அச்சடிக்கும்போது 'பட்டு நெசவாளர்' என்ற இரண்டு சொல்லைச் சேருங்கள். எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் வரிகூட மாறாது, கணினியில் அடித்துப் பார்த்துவிட்டேன். அது வரைக்கும் வீவர் ஸ்கொயரில் இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

என்ன சொல்வது என்று வழிகாட்டிக்குத் தயக்கமாக இருந்தால் நான் சொல்கிறேன். அப்பாவின் பழைய நாடா ஒன்று என்னிடம் இருக்கிறது, மரம், இரண்டு முனையிலும் பித்தளை. குழந்தைகள் கையில் வாங்கிப் பார்க்கலாம். வரும் ஞாயிறு அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டுதான் வருவேன். இந்த முறையாவது நான் கை தூக்கும்போது நேரம் இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நடையின் கடைசி வரிசைக்காரன்,
டப்ளின் 8