ஒரு லட்சம் கன அடியை அனுப்பும் முன்

சென்னை அடையாற்றங்கரைக் குடியிருப்போர் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களை நடத்தும் பெரியவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்தால் மழைக்கு முன்னால் குரல் பதிவுகள் வந்துவிடுகின்றன. "புழல் ஏரியைத் திறந்தாச்சு, கோட்டூர்புரத்துல இருக்கிறவங்க உடனே கிளம்புங்க!" புழலின் உபரி நீர் மணலிப் பக்கமாக ஓடி எண்ணூரில் கடலைச் சேர்கிறது. அடையாற்றங்கரையில் இருக்கும் கோட்டூர்புரத்துக்கு வர அதற்கு வழியே இல்லை.

"செம்பரம்பாக்கத்தில் ஒரு லட்சம் கன அடி திறப்பு" என்பது அடுத்த ரகம். எண்ணைப் பார்த்ததும் வயிறு கலங்கும். ஆனால் கணக்குப் போட இரண்டு நிமிடம் போதும். அடையாற்றில் உபரி நீரை விடும் அந்த ஏரியின் முழுக் கொள்ளளவே 3,645 மில்லியன் கன அடி. விநாடிக்கு லட்சம் கன அடி போனால், புதிதாகத் தண்ணீர் வராதவரை, பத்து மணி நேரத்தில் ஏரி காலி. 2015 டிசம்பரில் ஊர் மூழ்கிய அந்த இரவில்கூட, ஏரியிலிருந்து திறந்ததாக அரசு சொன்ன கணக்கு விநாடிக்குச் சுமார் 29,000 கன அடிதான். (முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகக் கிளம்பிய புரளியும் அதே வாரத்துச் சரக்குதான். பண்ணையே மறுத்தது.)

இவற்றைவிட எனக்குப் பயம் தருவது ஆறுதல் செய்திகள். "செம்பரம்பாக்கம் திறக்கல, நிம்மதியா தூங்குங்க" என்பதை யாரும் சந்தேகிப்பதில்லை. அடையாற்றில் ஓடுவது அந்த ஒரு ஏரியின் தண்ணீர் மட்டுமா? ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் வழிவதும் இதே ஆற்றில்தான். அவற்றுக்கு மதகைத் திறக்கும் அறிவிப்பெல்லாம் வராது. ஏரி திறக்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதை வைத்து ஆறு ஏறாது என்று எப்படிச் சொல்வது?

தேதி இல்லாத குரல் பதிவை நீக்கிவிடுங்கள். "என் மச்சான் பொதுப்பணித்துறையில இருக்கான்" என்பதும் ஆதாரமாகாது. எந்த ஏரி, எந்த ஆறு, எத்தனை மணி நிலவரம் என்று கேளுங்கள். ஏரிகளின் நீர்மட்டத்தைக் குடிநீர் வாரியம் தினமும் வெளியிடுகிறது. காலையில் ஒருவர் அதைப் பார்த்துக் குழுவில் போட்டால் பாதிப் புரளி அடங்கும்.

ஒரே ஒரு விலக்கு. "எங்க தெருவுல முழங்கால் அளவு தண்ணி" என்று அங்கேயே நின்று ஒருவர் எழுதினால் அவரிடம் ஆதாரம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணுக்கும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆற்றங்கரைத் தரைத்தளவாசி