எய்யா, கேக்கதுக்கு சாரி சொல்லாத

எய்யா, நேத்து போன்ல நீ கேட்டத தான் ராத்திரி பூரா நெனச்சிட்டு கிடந்தேன். பெரியம்மாவுக்காக சபையே உபவாசம் இருந்து ஜெபிச்சோமே, அப்புறமும் ஆண்டவர் ஏன் கேக்கலன்னு கேட்டுட்டு உடனே சாரிம்மான்னு வச்சிட்ட பாரு, அந்த சாரி தான் எனக்கு வலிச்சுது. சண்டே ஸ்கூல்ல ஒரு டீச்சர் எதிர்க்கேள்வி கேக்காதன்னு உன்ன உக்கார வச்சாங்களே, அது இன்னும் மனசுல கிடக்கோ என்னமோ.

நீ டெய்லி ட்ரெயின்ல தாண்டி போற பரங்கிமலைல தான் இயேசுவோட சீஷர் தோமா மரிச்சார்னு காலங்காலமா சொல்றாங்க. சந்தேக தோமான்னு அவர ஒரே வார்த்தைல முடிச்சிடுறாங்க, எனக்கு அது பிடிக்காது. பைபிள்ல யோவான் 14ம் அதிகாரம் எடுத்து பாரு, நான் போற வழி உங்களுக்கு தெரியும்னு ஆண்டவர் சொல்றார், போற இடமே தெரியலயே வழி எப்படி தெரியும்னு இவர் தான் வாய தொறந்து கேக்கார், அதுக்கு வந்த பதில் தான் "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்". நம்ம ஹால்ல மாட்டிருக்கோமே அந்த வசனம்! ஆண்டவர் உயிர்த்தெழுந்த பிறகும் பாரு, அவர் காயத்த தொட்டா தான் நம்புவேன்னு சொன்னவர மத்த சீஷங்க வெரட்டல, அவரும் கோச்சிக்கிட்டு போகல, எட்டு நாள் கழிச்சு அவங்க கூட இருக்கும்போது தான் ஆண்டவர் வந்து கைய நீட்டுன்னார். "என் ஆண்டவரே, என் தேவனே"ன்னு சொன்னது அந்த ஆள் தான்யா.

வயசான காலத்துல புள்ள பிறக்கும்னு தூதன் சொன்னப்ப, அத எப்படி நம்புறதுன்னு கேட்ட சகரியா ஊமையாயிட்டாரேன்னு நீ மடக்குவ. தான் சொன்னத அவர் நம்பலன்னு தூதனே சொல்றான், ஆனா இது எப்படியாகும்னு மரியாள் கேட்டப்ப பொறுமையா விளக்கம் சொன்னான்ல.

பெரியம்மா விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்லய்யா, இருக்க மாதிரி பேசவும் மாட்டேன். பைபிள்ல ஆபகூக் தீர்க்கதரிசி புஸ்தகத்த படி, மூணே அதிகாரம் தான். "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்"னு நாம பாடுறது அதோட கடைசில வருது, ஆனா ஆரம்பமே எத்தன நாள் கூப்பிடுவேன் நீர் கேக்க மாட்டேங்கிறீரேன்னு உன் கேள்வி தான், அத ஆண்டவர் முகத்துக்கு நேரா கேக்கார், பதில் வந்ததும் திரும்பவும் கேட்டுட்டு, அதுக்கு என்ன பதில் வருதுன்னு காவல்ல நிக்கேன்ங்கார். அந்த கேள்வி எல்லாம் கேட்டவர் தான் அந்த பாட்ட பாடுறார்.

நம்ம சபைக்கு புதுசா வந்திருக்க பாஸ்டர் ஐயர், யாராவது கேள்வி கேட்டா சந்தோஷப்படுவாங்க, கிறிஸ்மஸ் லீவுக்கு வரும்போது ரெண்டு பேரும் போய் பேசுவோம். அதுவரைக்கும் மனசுல வர்றத வாய்ஸ் மெசேஜ்லயாவது எனக்கு அனுப்பு, ராத்திரி எந்நேரம்னாலும் சரி.

அம்மா